பாட்டைச் சுமப்பது யார்?

‘இது எங்கள் தலைமுறையின் குரல்’ என்று ஏதாவது ஒரு புதுப் பாட்டைப் பற்றி யாராவது சொல்லாத வாரமே இல்லை. அதோடு இன்னொரு வாக்கியமும் ஒட்டிக்கொண்டு வரும்: நாளைக்கு வரப்போகிறவர்களுக்கும் இந்தப் பாட்டு பேசும். முதல் வாக்கியத்தோடு எனக்குப் பெரிய தகராறு கிடையாது. இரண்டாவதைத்தான் கொஞ்சம் நிறுத்திக் கேட்கவேண்டும் என்று தோன்றுகிறது. பேசும் சரி, எப்படிப் பேசும்? யார் வழியாகப் பேசும்? பாட்டு தன் காலில் நடந்து 2080-க்குப் போய்விடுமா?

“அதான் யூடியூப்ல இருக்கே மச்சான், எங்க போயிடப் போகுது?” என்று ஒரு நண்பன் கேட்டான். நம்மில் பலருடைய நம்பிக்கையும் இதுதான். ஏற்றிவிட்டால் நிலைத்துவிடும். ஆனால் 2019-ல் மைஸ்பேஸ் தளம், சர்வர் மாற்றும்போது 2015-க்கு முன் பயனர்கள் ஏற்றிய பாடல்களெல்லாம் அழிந்துவிட்டன என்று அறிவித்தது. ஏறத்தாழ 5 கோடிப் பாடல்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. ஒரு தலைமுறையின் வீட்டறைப் பதிவுகள், முதல் முயற்சிகள், உடைந்துபோன இசைக்குழுக்களின் ஒரே சாட்சியங்கள், எல்லாம் ஒரே வீச்சில் போயின. யாரும் தடை செய்யவில்லை, யாரும் எரிக்கவில்லை. வீடு மாற்றும்போது ஒரு பெட்டி தவறிப்போவதைப் போலப் போயின.

எனவே கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். ஒரு பாட்டு எதைத் தனக்குள் சுமக்கிறது? எதை வெளியே விட்டுவிடுகிறது? வெளியே விட்டதை யார் சுமக்கிறார்கள்? கடந்த பத்தாண்டில் தமிழில் வந்த சில சுயாதீனப் பாடல்களை இந்தக் கேள்வியோடு கேட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் பழைய கதை ஒன்று.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-இன் தொடக்கத்திலும் சென்னையின் குஜிலி பஜாரில் மலிவுத் தாளில் அச்சடித்த பாட்டுப் புத்தகங்கள் விற்றன. ரயில் விபத்து, வெள்ளம், கொலை, விலைவாசி, எது நடந்தாலும் சில நாட்களில் அதன்மேல் ஒரு சிந்து வந்துவிடும். தெருமுனையில் நின்று பாடிக்காட்டியே விற்பார்கள். படித்தவர்கள் இவற்றைக் குப்பை என்றார்கள். எந்த வீட்டு அலமாரியிலும் இவற்றுக்கு இடமில்லை.

ஆனாலும் இன்று ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ வழியாக நாம் அந்த உலகத்துக்குள் போக முடிகிறது. எப்படி? ரசிகர்கள் பாதுகாத்ததால் மட்டும் இல்லை. 1867-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் போட்டது. அச்சாகும் ஒவ்வொரு நூலும் பதிவாக வேண்டும், அரசுக்குப் பிரதி தரவேண்டும். கண்காணிப்பதற்காகப் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தின் வாய்க்குள் மகாகாவியமும் போயிற்று, காலணாச் சிந்தும் போயிற்று. தன்மேல் சந்தேகப்பட்ட ஓர் அரசின் கிட்டங்கியில் தெருப்பாட்டு பிழைத்துக்கிடந்தது.

இந்த முரணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஒரு குரல் அடுத்த தலைமுறைக்குப் போவதற்கும் அந்தக் குரலின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எவ்வளவு பேர் அதைக் கேட்டார்கள் என்பதும் உத்தரவாதம் இல்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு காரணத்துக்காக, எங்கோ ஒரு பிரதியை வைத்திருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பிறகு, 1954-ல், இந்திய அரசும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி நான்கு பொது நூலகங்களுக்குப் போகவேண்டும். சென்னையின் கன்னிமாரா அவற்றில் ஒன்று. தனியாக அச்சிட்ட இசைத்தாளையும் அந்தச் சட்டம் ‘நூல்’ என்றே எண்ணுகிறது. ஆனால் பதிவுசெய்த ஒலி அதில் சேராது. காகிதத்தில் இருந்தால் பாட்டு நாட்டின் சொத்து; காற்றில் இருந்தால் இல்லை. குஜிலிச் சிந்துக்குக் கிடைத்த இடம் இன்றைய ராப் பாடலுக்குக் கிடையாது.

*

இப்போது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்.

பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானா, ராப், ராக் மூன்றும் ஒரே மேடையில். கானா பாடகர்களும் ராப் பாடகர்களும் கிட்டார்காரர்களும் கோட்டு சூட்டோடு வரிசையாக நின்றார்கள். மேடையில் கோட்டு யாருக்கு உரியது என்ற கேள்விக்கு அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்துவிட்டது.

குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. சாதியற்றவர்கள் என்று தம்மைப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று 1891 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கேட்டவர் அவர். 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி 1914-ல் இறக்கும்வரை நடத்தினார். அதற்குப் பிறகு தமிழ்ப் பொதுவெளியில் அவர் பெயர் கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வந்தபிறகுதான் அவர் பரவலாகத் திரும்பி வந்தார். நடுவில் 85 ஆண்டுகள். அந்த இருட்டுக் காலம் முழுக்க, அன்பு பொன்னோவியம் போன்ற சிலர் பழைய இதழ்களைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். அவர்கள் வைத்திருந்திராவிட்டால் 2018-ல் அந்த மேடைக்கு அந்தப் பெயர் வந்திருக்காது.

இந்தக் குழுவைப் பாராட்டி எழுதியவர்கள் பலரும் ‘புதிய குரல்’ என்றே எழுதினார்கள். எனக்கு அதில் கேட்டது ஒரு பழைய குரல் வந்து சேர்ந்த சத்தம்தான். நூறு வருஷத்துக்கும் மேலாகப் பயணம் செய்து, பலர் கை மாறி, ஒருவழியாக ஒரு டிரம்ஸ் அடிக்கு மேல் வந்து உட்கார்ந்த குரல்.

கானாவுக்கும் இந்தச் சுமக்கும் வேலை புதிதில்லை. வடசென்னையில் சாவு வீட்டில் இரவெல்லாம் பாடும் மரண கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவர் செத்துப்போனவரின் பெயரைப் பாட்டுக்குள் கொண்டுவருவார். அவர் பார்த்த வேலை, அவர் நின்ற முக்கு, விட்டுப்போன பிள்ளைகள், எல்லாம் மெட்டுக்குள் வரும். பத்திரிகையில் இரங்கல் செய்தி வராத மனிதர்களுக்கு அந்த ஓர் இரவுதான் சரித்திரம். விடிந்தால் அது கலைந்துவிடும். மறுநாள் வேறு வீடு, வேறு பெயர்.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் செய்த பெரிய காரியம், இந்த ‘பெயர் சொல்லிப் பாடுதல்’ என்ற குணத்தைப் பந்தலிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து ‘மகிழ்ச்சி’ என்ற ஆல்பத்துக்கும் கொண்டுபோனது. இடஒதுக்கீடு பற்றிய ‘கோட்டா’ பாடல் நல்ல உதாரணம். டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் நடக்கிற வாக்குவாதத்தின் தொனி அதில் அப்படியே இருக்கிறது. எதிரில் ஒருத்தன் நின்று கேள்வி கேட்கிறான், இவன் பதில் சொல்கிறான். ஐம்பது வருடம் கழித்துக் கேட்பவருக்கு அந்த எதிராளியின் கேள்விகளும் சேர்ந்தே கேட்கும். ஒரு காலத்தின் சண்டை முழுசாகப் பதிவாவது இப்படித்தான்.

குழுவின் எல்லாப் பாடல்களும் இந்த உயரத்தில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முழக்கமாகத் தொடங்கி முழக்கமாகவே முடிகிறவையும் உண்டு. மேடையில் கூட்டத்தோடு நிற்கும்போது அவை உடம்பைத் தூக்கிவிடும். தனியே காதில் மாட்டிக் கேட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். முழக்கம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்களோடு பேசுகிறது. பின்னால் வருகிறவர் இன்னும் ஒத்துக்கொள்ளாதவர், விஷயமே தெரியாதவர். அவருக்கு வாதம் வேண்டும், ஆள் வேண்டும், ஊர் வேண்டும்.

*

‘எஞ்ஜாய் எஞ்சாமி’ பற்றி எழுதாமல் இந்த விஷயத்தைக் கடக்க முடியாது. 2021 மார்ச்சில் தீ, அறிவு இருவரும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் வந்த பாடல். தமிழ் சுயாதீன இசையில் அதுவரை எந்தப் பாட்டும் போகாத தூரம் போயிற்று. எங்கள் தெருவில் நடந்த கல்யாண வரவேற்பு, வளைகாப்பு, பள்ளி ஆண்டுவிழா எதிலும் அது இல்லாத நிகழ்ச்சியை அந்த ஆண்டு நான் பார்க்கவில்லை.

அந்தப் பாட்டின் அடியில் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தலைமுறை. 1948-ன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தது. சந்தையில் கூறுகட்டி வைப்பதைப்போல மனிதர்களைக் கூறுபோட்ட ஒப்பந்தம். அந்தத் தோட்டங்களை உருவாக்கிய கைகளுக்கு அங்கேயும் நிலமில்லை, வந்து இறங்கிய இங்கேயும் நிலமில்லை.

பாட்டில் இதெல்லாம் இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் வேறு வடிவத்தில். ஒப்பந்தமோ வருஷமோ கப்பலோ அதில் வராது. உழைத்தவருக்கு உழைப்பின் பலன் எட்டாத ஆற்றாமை ஒப்பாரியின் மெட்டில் வரும். ‘எஞ்சாமி’ என்ற சொல்லே இரண்டு பக்கம் கூருள்ளது. பண்ணையாரைக் கூலிக்காரர் கூப்பிடுகிற ‘என் சாமி’யும் அதுதான், பேரப்பிள்ளையைப் பாட்டி கொஞ்சுகிற ‘என் சாமி’யும் அதுதான். அடிமைத்தனத்தின் சொல்லை எடுத்துத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற அந்தத் திருப்பம், என் கணக்கில், இந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த பாடல்வரித் தீர்மானங்களில் ஒன்று.

ஆனால் இங்கேதான் சிக்கலும். பாட்டின் துள்ளலான பகுதி தனியே கழன்று உலகம் சுற்றியது. ரீல்ஸில் முப்பது நொடிக்குள் அடங்குவது அதுதான். ஒப்பாரி பின்தங்கிவிட்டது. தேயிலைத் தோட்டமும் பாட்டியின் கதையும் நேர்காணல்களிலும் காணொளிக்குக் கீழே உள்ள குறிப்புகளிலும் மட்டும் இருந்தன. குறிப்புதான் எப்போதும் முதலில் சாகும். இப்போதே பலருக்கு அது ஒரு ஜாலியான பாட்டு. இன்னும் இருபது வருடம் கழித்து?

பெயரும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் இந்தப் பாட்டை முன்வைத்த ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவு இல்லை என்று சர்ச்சை எழுந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் இந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. அதன்பின் அவர் தன் உழைப்பை உரிமை கோரி எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் தரப்பை விளக்கி, அறிவின் பங்கைத் தாங்கள் மறைத்ததே இல்லை என்றார்கள். 2024-ல் அந்தப் பாட்டிலிருந்து தனக்கு வருமானமே வரவில்லை என்று இசையமைப்பாளரும் பொதுவெளியில் சொன்னார். யார் சொன்னது எவ்வளவு சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நிலமற்றவர்களின் வரலாற்றைப் பாடிய பாட்டு, ‘இது யாருடைய விளைச்சல்?’ என்ற அதே வழக்கில் போய் நின்றது. பாடியவர்கள் எல்லாரும் உயிரோடு, இளமையோடு, கைபேசியோடு இருக்கும்போதே பெயர் இப்படித் தள்ளாடுகிறது என்றால், யாரும் இல்லாத காலத்தில் என்ன நிற்கும்?

*

இதற்கு நேரெதிர் வழியில் போன பாட்டு ஒன்று உண்டு: 2017 ஜனவரியில் வந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி. எம். கிருஷ்ணா. எண்ணூர்க் கழிமுகத்தை அனல்மின் நிலையங்களும் சாம்பலும் விழுங்குவதைப் பற்றிய பாட்டு. ஆனந்தபைரவியில் தொடங்கும் ராகமாலிகை. மொழியோ மெட்ராஸ் மொழி. சபாவில் உட்கார்ந்து கேட்ட குரல் சாம்பல் மேட்டில் நின்று பாடியபோது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

என் பார்வையில் அந்தப் பாட்டின் சாதனை அந்த அதிர்ச்சி கிடையாது. ஒரு சொல்லை அது மீட்டது. ‘புறம்போக்கு’ என்பது ஆறும் ஏரியும் மேய்ச்சல் நிலமுமாக எல்லாருக்கும் பொதுவான நிலத்தின் பெயர். வரிக்கணக்குக்கு வெளியே கிடந்ததால் மெல்ல மெல்லப் பயனற்றது என்ற பொருள் ஏறி, கடைசியில் ஆளைத் திட்டுகிற வசையாயிற்று. இந்தச் சறுக்கலைப் பாட்டே நமக்கு விளக்கிவிடுகிறது. ஊரின் பெயர் பாட்டுக்குள் இருக்கிறது. குற்றம் என்ன என்பது பாட்டுக்குள் இருக்கிறது. குறிப்பு தொலைந்தாலும் பொருள் தொலையாது.

அப்படியானால் எண்ணூர்ப் பாட்டு உயர்ந்தது, எஞ்சாமி தாழ்ந்தது என்கிறேனா? அப்படிச் சொன்னால் அது அசட்டு விமர்சனம். புறம்போக்குப் பாடலைக் குழந்தைகள் பாடி நான் கேட்டதில்லை. தன் பொருளை முழுக்கத் தனக்குள் வைத்துக்கொண்ட பாட்டு கனமானது. வாயிலிருந்து வாய்க்கு லேசில் தாவாது. வாய்க்கு வாய் தாவுகிற பாட்டு, தாவுவதற்காகவே பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டு போகிறது. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் நமக்கு இப்படித்தான் வந்தன. பாட்டு வந்தது, முதலில் கட்டியவள் பெயர் வரவில்லை. இரண்டு வழிக்கும் விலை உண்டு. எந்தப் பாட்டு எந்த விலையைக் கொடுத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது விமர்சனத்தின் வேலை.

*

‘இளைஞர்களின் குரல்’ என்று ஒருமையில் சொல்வதிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. மலேசியாவிலிருந்து யோகி பி & நட்சத்ரா 2006-ல் ‘வல்லவன்’ ஆல்பத்தோடு வந்தபோது தமிழ் ராப் என்றால் என்ன என்பதே நம்மில் பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. சில வருடங்களில் ஹிப்ஹாப் தமிழாவின் ‘கிளப்புல மப்புல’ வந்து, பெண்கள் எப்படி இருக்கவேண்டும் என்று வகுப்பெடுத்தது. அதுவும் இளைஞர் குரல்தான், கொண்டாடியவர்களும் இளைஞர்கள்தான். 2019-ல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்த ‘தெருக்குறள்’ ஆல்பத்தின் ‘கள்ளமௌனி’ வாய்மூடி இருப்பவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டது. மூன்றும் போய்ச் சேரட்டும் என்பதுதான் என் ஆசை. நமக்குப் பிடித்ததை மட்டும் பெட்டியில் போட்டு அனுப்பினால், திறந்து பார்ப்பவர்கள் நம்மைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இயந்திரத்தின் ஞாபகம் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சபரிமலை நுழைவு பற்றி உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்ன சூழலில், காஸ்ட்லெஸ் கலெக்டிவின் இசைவாணி ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ பாடினார். கானா மேடையில் பெண்ணைப் பார்ப்பதே அரிதாக இருந்த இடத்தில் தன் பெயரை நிறுத்தியவர். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். ஆறு வருடம் கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பாட்டின் துணுக்கு திடீரென்று சுற்றுக்கு வந்தது. காவல்துறையில் புகார்கள், இணையத்தில் மிரட்டல்கள், ஆபாச வசைகள். தீர்ப்பு, விவாதம், முழுப்பாட்டு எதுவும் அந்தத் துணுக்கோடு வரவில்லை. பாட்டைப் பிழைக்கவைத்த அதே இயந்திரம், பாடியவளை மாட்டிவிடவும் செய்தது. சூழலை விட்டுவிட்டுக் குரலை மட்டும் சேமிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சட்டம் உதவுமா என்றால், நம் பதிப்புரிமைச் சட்டம் ஓர் ஒலிப்பதிவின் உரிமையை வெளியான மறுவருடத்திலிருந்து 60 ஆண்டுகள் காக்கிறது. காப்பது உரிமையாளரின் கையை. அவர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் எங்கேயும் கேட்பதில்லை. 2021-ன் பாட்டு 2081 வரை ஒருவருக்குச் சொந்தம். அதற்குள் அது இல்லாமலேயே போனாலும் யாரும் பொறுப்பில்லை.

ஆகவே, வேலை நம் பக்கம் வருகிறது. குஜிலிப் பாட்டைக் காலனிய அரசு தன்னையறியாமல் சுமந்தது. அயோத்திதாசரை அவரை நம்பிய சில குடும்பங்கள் தெரிந்தே சுமந்தன. நம் பாடல்களுக்கு முதல் வகை அதிர்ஷ்டம் இனி இல்லை. இரண்டாவது வகைதான் மிச்சம். அதற்குப் பெரிய நிறுவனம் ஒன்றும் வேண்டாம். சுயாதீனக் கலைஞர்கள் தங்கள் ஆல்பத்தின் வரிகளை, எழுதியவர் முதல் சட்டி அடித்தவர் வரை எல்லார் பெயரோடும், எந்த ஊரில் எந்தச் சண்டைக்காகப் பாடியது என்ற குறிப்போடும், ஒரு நாற்பது பக்கப் புத்தகமாக அச்சிட்டால் போதும். அச்சானால் அது நூல். நூலென்றால் கன்னிமாராவுக்கு ஒரு பிரதி போயாக வேண்டும். 1954-ன் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தேடிவருகிற யாரோ ஒருவருக்காக அது அங்கே அலமாரியில் இருக்கும். காலணாச் சிந்து அப்படித்தான் காத்திருந்தது.